பின்கழுத்தை எட்டிய கை

நேற்றுப் பியூட்டி பார்லரில் அழுதுவிட்டேன், அக்கா. ஐம்பதைத் தாண்டியவள் முகமெல்லாம் வெள்ளரிக்காய்க் கூழைப் பூசிக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும்? கூழ் வழிந்து வாய்க்குள் போனது. பார்லர் பெண் பயந்துபோய், "ஏனுங் மேடம், எரியுதுங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவள் என் முடியைத் தூக்கிப் பின்கழுத்தில் சீப்பை வைத்தாள், அவ்வளவுதான். உங்கள் சீப்பு போலவே சில்லென்று இருந்தது.

என் முழங்கை உடைந்த கதை உங்களுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். ஊருக்கெல்லாம் பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னேன். உண்மையில் நம் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் வள்ளிக்கும்மி பழகும்போது, முன்னால் ஆடியவளின் இடுப்பைப் பற்றி எதிர்வீட்டுக்காரியான உங்களிடம் வம்பு பேசத் திரும்பி, என் சேலையை நானே மிதித்து விழுந்தேன்.

ஆபரேஷன் செய்து, பிளந்த எலும்பைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினார்கள். எக்ஸ்ரேயில் ரிப்பேர் பார்த்த குடை மாதிரி இருந்தது. தினமும் மடக்கிப் பழகாவிட்டால் கை இப்படியே விறைத்து நின்றுவிடும் என்றார் டாக்டர். சாப்பாட்டை இடது கையால் சமாளித்தேன். சடைதான் முடியவில்லை. இடுப்பு வரைக்கும் முடி. என்னிடம் லட்சணமாக இருப்பது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் வராது என்று உங்களிடம் புலம்பினேன். மறுநாள் காலை சீப்போடு வந்து நின்றீர்கள்.

பின்னிவிட்டுப் போனீர்களா, பாவி? முடியில் ஒரு பிரியை என் கையில் கொடுத்து, "புடி கண்ணு. இன்னைக்குத் தோளு, நாளைக்குக் காது" என்று கையை மேலே மேலே தள்ளினீர்கள்.

"அக்கா, செத்துப்போயிருவனுங்க!"

"கை வலிச்சு ஆரும் செத்ததில்ல அம்மணி. பின்கழுத்துக்கு எட்டோணும். எனக்கு ஒருநா நீதான் பின்னி உடோணும்."

பின்னிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி நெஞ்சை நீவிக்கொள்வீர்கள். கேட்டால், "வாயு கண்ணு" என்பீர்கள். என் முழங்கைக்காக டாக்டரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தவர், உங்கள் நெஞ்சுக்குச் சோடா போதும் என்று முடிவு செய்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கை பின்கழுத்தைத் தொட்ட அன்று, காட்டுவதற்காக ஓடி வந்து கதவைத் திறந்தேன். உங்கள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

உங்களை ஹாலில் படுக்க வைத்திருந்தார்கள். தலை கலைந்து கிடந்தது. நான் சீப்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பெருந்துறையிலிருந்து வந்திருந்த உங்கள் நாத்தனார், நீங்கள் இருந்தவரைக்கும் ஒரு போன்கூடப் போடாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, சித்த தள்ளி நில்லுங்க. எங்காளுகதானுங்க செய்யோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

எவ்வளவு மரியாதை! நம் பக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். இத்தனை மாதம் என் தலையைத் தொட்டீர்களே, நீங்கள் எந்த ஆளுக என்று என் தலை கேட்டதா? சிக்குக்கூட எடுக்காமல் அள்ளி முடிந்துபோட்டார் அந்த அம்மாள். என்மேல் காட்டிய ஜாக்கிரதையில் பாதியை உங்கள் முடிமேல் காட்டியிருக்கலாம். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, குணமான முழங்கையோடு சுவரோரம் நின்றேன்.

கம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை முழுசாக மடங்குகிறது. தினமும் உங்களைத் திட்டிக்கொண்டே நானே பின்னிக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று, உங்களிடம் மறைத்தது. என் வீட்டுக்காரர் மூன்று தங்கைகளோடு பிறந்தவர். சடை பிரமாதமாகப் பின்னுவார்.