வெட்டாமல் விட்ட பாதி

அன்பு மாப்ள காதர்,

ஒன்பது வருடம் உன்னோடு பேசவில்லை. நீ பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போனபிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் புத்தி அப்படி.

நேற்று உன் நாற்பதாம் நாள் பாத்திஹா. உன் சிம்மக்கல் வீட்டில் ஓரமாக நின்றேன். உன் மறைவுக்குத் தனித்திருந்து இத்தா காக்கும் உன் மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினார். "அண்ணே, இது உங்க புஸ்தகமாமே. குடுத்துரணும்னு இவுக ரெண்டு தடவ உங்க தெரு முக்கு வரைக்கும் வந்தாக. கதவு சாத்திக் கெடக்குன்னு திரும்பிட்டாக."

என் கதவு எப்போது திறந்திருந்தது?

கனவை அப்படியே கவிதையாக்கிய பாரிஸ் சர்ரியலிஸ்டுகளின் முதல் பதிப்புகளைப் புதுச்சேரி வழியாக வரவழைத்தோம். மதுரையில் அந்தப் பைத்தியம் நம் இருவருக்கு மட்டும்தான். காரைக்காலில் படித்த உனக்கு பிரெஞ்சு தெரியும். எனக்கு, நூறு பிரதியே அச்சான புத்தகம் என் அலமாரியில் இருந்தால் போதும். தாள்களின் மடிப்பை வெட்டாமலே அவை வரும். வாங்கியவர்தான் வெட்டிப் படிக்க வேண்டும். வெட்டினால் மதிப்புப் போய்விடும் என்பது என் கட்சி.

அன்று என் வீட்டில், எனக்குப் புதிதாக வந்த புத்தகத்தை, நான் காபி கொண்டுவருவதற்குள் உன் பேனாக்கத்தியால் வெட்டத் தொடங்கியிருந்தாய். "என்னடா செய்ற?" என்று கத்தினேன்.

"படிக்கிறேன் மாப்ள. உன்னய மாதிரி, கட்டிக்கிட்டு வந்தவ மூஞ்சியப் பாக்காம பூட்டி வைக்கச் சொல்றியா?"

மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பாதவனிடம், நாலு பேர் முன்னால் சொன்னாய். புத்தகத்தைப் பிடுங்கி, "நீயே வச்சுக்க" என்று உன் மேல் வீசினேன்.

பிறகு உலகப் போர் வந்தது. பாரிஸ் தபால் நின்றது. 'இனிக் கிடைக்காத புத்தகத்தைக் கிழித்துத் தின்றுவிட்டான்' என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அன்று நான் பிடுங்கிய பக்கம் வரைதான் வெட்டியிருக்கிறது. அதற்கப்பால் ஒரு மடிப்பைக்கூட நீ தொடவில்லை. கூடவே அந்தப் பேனாக்கத்தி. படிக்கத் தெரிந்தவன் கையில் ஒன்பது வருடம். எப்படியடா பொறுத்தாய்? என்னிடமிருந்து ஒரு சொல் வரும் என்றா?

நீ சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை, நீ அடங்கியிருக்கும் மையவாடிக்குப் புத்தகத்தோடு வாரேன். உன் கத்தியாலேயே மிச்சத்தை வெட்டி, உன்னிடம் கற்ற அரைகுறை பிரெஞ்சில் உரக்கப் படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு எம்புட்டு வேண்டுமானாலும் சிரித்துக்கொள். இந்த முறை பாதியில் நிறுத்த மாட்டேன்.

உன் மாப்ள,
சுந்தரம்