பதினாலு அடிச் சந்து

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மாமாவும் குட்டியும் நலமாக இருப்பீர்கள். போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

என்னை நிலச் சொத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி நிலத்தையும் அதை ஒட்டிய அரசு நிலத்தையும் இனி இரண்டு தரப்பும் சேர்ந்து நிர்வகிக்குமாம். அதற்கு இரண்டு தரப்பு வரைபடங்களையும் ஒன்றாக்குவது என் வேலை. எல்லாக் கோடும் பொருந்துகிறது, ஓர் இடத்தைத் தவிர. கம்பெனி மைதானத்துக்கும் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே பதினாலு அடிச் சந்து. பழைய அரசு வரைபடத்தில் அது பொது வழி. ஆறு வருஷத்துக்கு முந்தைய கூட்டு அளவையில் அது கம்பெனி நிலம்.

விற்ற பத்திரம் இல்லை. அரசு உத்தரவும் இல்லை. ஒரு சந்து எப்படி அக்கா காணாமல் போகும்? மண்டையைக் குடைகிறது. அளந்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து இருப்பதால் உன்னையே கேட்கிறேன்.

உன் நோண்டி

மார்ச் 7

அன்பு நோண்டிக்கு,

ரேடியோவைக் கழற்றி மாட்டிவிட்டு, மிஞ்சிய நாலு திருகாணியோடு முழித்தவன்தானே நீ? இப்போது வரைபடமா?

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் மாமாவைப் போலவே இருக்கிறாள். மாமாவிடம் சொல்லாதே.

எல்லைக்கல் இருந்த இடத்திலிருந்து அளந்தேன். கல் பொய் சொல்லாது. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு அதில் என் பெயரும் இருக்கிறது. ஆகவே தம்பி, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கல் பொய் சொல்லாதுதான். ஆனால் நடக்கும் போலிருக்கிறது.

நேற்று மதியம் அந்தச் சந்துக்குப் போனேன். வரிசை வீடுகளின் வாசலில் ஒரு குழாயடி. ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் துவைத்த கல்தான் எல்லைக்கல், குப்புறக் கிடந்தது. அடியில் கையை விட்டுத் தடவினேன். அம்புக்குறி, 27, அதன் கீழே 'பொது வழி' என்ற எழுத்துகள்.

"தூக்கிட்டுப் போயிடாத சார், துவைக்க இது ஒண்ணுதான் இருக்கு."

"இது முன்னாடி எங்கம்மா இருந்துச்சு?"

"அதோ, உங்க மைதானத்தோரமா நட்டிருந்துச்சு. ஏழெட்டு வருஷம் ஆச்சு. குழாய் இந்தப் பக்கம் வந்துருச்சு, கல்லு மட்டும் அங்க நின்னு என்ன பண்ணும்? நாலு பேரு சேந்து உருட்டிட்டு வந்தோம். என் இடுப்பு புடிச்சதே அன்னிக்குத்தான்."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. தங்கள் வழியைத் தாங்களே உருட்டிக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரம் அவர்கள் வாசற்படியை ஒட்டிக் கம்பெனிச் சுவர் எழும்பப் போகிறது. பின்பக்கம் திறந்த சாக்கடை. பிள்ளைகள் அதன் கரையில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

மேனேஜரிடம் சொன்னேன். "கவர்ன்மென்ட்டே கையெழுத்து போட்டாச்சு, நமக்கென்னப்பா?" என்றார். உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "கம்பெனியே ஒத்துக்கிட்டாச்சு, எங்களுக்கென்ன சார்?" என்றார்கள். ஒன்றாக்கிய வரைபடத்துக்கு மார்ச் 30 வரை எதிர்ப்பு தெரிவிக்கலாம், ஆனால் இரு தரப்பினர் மட்டும். அங்கே குடியிருப்பவர்கள் எந்தத் தரப்பும் இல்லையாம்.

உன் அளவைப் படிவத்தைத் திரும்பப் பார்த்தேன். வாகனம்: கம்பெனி ஜீப். அளவு நாடா: கம்பெனியுடையது. சாப்பாடும் அவர்களுடையதுதானா அக்கா?

நோண்டி

மார்ச் 18

தம்பிக்கு,

ஆமாம், சாப்பாடும் அவர்களுடையதுதான். நன்றாகவே இருந்தது.

எங்கள் அலுவலக வண்டி அப்போதே டயரில்லாமல் செங்கல்மேல் நின்றது. இன்றும் நிற்கிறது. கம்பெனி ஜீப் அனுப்பினால் அளவை, இல்லாவிட்டால் இல்லை. இதற்குப் பெயர்தான் ஒத்துழைப்பு. "இதுதான் மேடம் இருபத்தேழாம் கல்" என்று அவர்கள் ஆள் காலால் காட்டினார். அடுத்த கல்லிலிருந்தும் அளந்து சரிபார்க்க வேண்டும், அதுதான் முறை. அது புதருக்குள் இருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அந்தக் கல்லின் மேல் சோப்பு நுரை இருந்தது. எல்லைக்கல்லில் ஏன் நுரை என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே ஒரு நிமிஷம்.

நீ எதிர்ப்பு எழுதாதே, வேலை போய்விடும். நானும் எழுதப்போவதில்லை. கொஞ்ச நாள் கடிதம் வேண்டாம்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான். மறுபடி அங்கே போனேன். "அன்னிக்குத் தடவிப் பாத்தியே, அதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன சொல்வது? மென்று விழுங்கிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

30ஆம் தேதி காலை வரை பார்ப்பேன். பிறகு நானே எழுதுவேன். வேலை போனால் மாமாவிடம் சொல், உங்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றித் தருகிறேன்.

நோண்டி

மார்ச் 29

அனுப்புநர்: நில அளவர், அரசு நில அளவை அலுவலகம்
பெறுநர்: நிலச் சொத்துப் பிரிவு (நேரில்)

பொருள்: 27ஆம் எல்லைக்கல் — எதிர்ப்பு மற்றும் மறு அளவை அறிக்கை

ஐயா,

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அளவை தவறானது. இடம் மாறிய கல்லிலிருந்து அளந்தேன். அடுத்த கல்லைக் கொண்டு சரிபார்க்கவில்லை. தவறு என்னுடையது. என் பணிப் பதிவேட்டில் இதைக் குறிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்று மறுபடி அளந்தேன். பதினாலு அடியும் பொது வழியே. வரைபடம் இணைப்பில் உள்ளது.

கல்லை அதன் பழைய இடத்துக்கு மாற்றக் குடியிருப்போர் மறுக்கிறார்கள். துவைப்பதற்கு வேறு கல் கொடுத்தால் தருவதாகச் சொல்கிறார்கள். கோரிக்கை நியாயமானது.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பெண்மணி கேட்டார். நால்வர் உதவியுடன் கல்லைப் புரட்டி, உரக்கப் படித்துக் காட்டினேன்.

அளவு நாடா: சொந்தம்.
வாகனம்: நகரப் பேருந்து.
உணவு: படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. வீட்டிலிருந்து எடுத்துச் சென்றேன்.

தேதியுடன் ரசீது தரவும்.

(ஒப்பம்)
நில அளவர்