அந்தோனியார் உன்னை எங்கே தேடுவார்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
26-5-76

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பி விக்டரும் இங்கே சுகம், இதை இன்றைக்குத்தான் மனசறிந்து எழுத முடிகிறது. நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. கவரில் உன் கையெழுத்தைக் கண்டதுமே அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முதலில் முத்திரையைத்தான் பார்த்தேன், மே பதினாலு என்று இருந்தது, பூகம்பம் ஆறாம் தேதி, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

ஏழாம் தேதி சாயங்காலம் ரேடியோவில் வடக்கு இத்தாலியில் பூகம்பம், நூற்றுக்கணக்கில் சாவு என்றார்கள். மறுநாளே உன் காலேஜுக்குத் தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. நீ வகுப்போடு இடிந்த ஊருக்கு உதவ வடக்கே போயிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? துறைமுகத்தில் மூட்டை எண்ணும்போது எண்ணிக்கை விட்டுவிட்டுப் போனது, கூட வேலை பார்க்கும் மாசானம் நோட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன் என்றான். அம்மா பதினேழு நாளும் ஒரு வேளைதான் சாப்பிட்டாள்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. ஊரில் யார் கேட்டாலும் நீ நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கிறாய் என்றே சொல்லி வந்தேன். இத்தாலிக் கதையும் ஓவியமும் சினிமாவும் படிக்கிறாள் என்றால், சினிமா பார்க்கத் தூத்துக்குடியில் கொட்டகை இல்லையா என்று சிரிப்பார்கள். நானே உன்னிடம் அப்படித்தானே கேட்டேன். போன ஞாயிறு காலைப் பூசையில் சாமியார், இத்தாலியில் நர்ஸ் படிப்புப் படிக்கும் நம் சிலுவை பர்னாந்தின் மகளுக்காக மன்றாடுவோம் என்றார். கோவில் முழுக்க முழந்தாளிட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள், பதுவை அந்தோனியாரு ஊருலதான் பிள்ளை இருக்கா, அவருதான் காணாமப் போனதைத் தேடித் தாராரு, நீங்க நர்ஸுன்னு சொல்லி வச்சிருந்தா அவரு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியால்லா போய்த் தேடுவாரு என்று அழுதாள். உடனே திரும்பிப் போய்ச் சாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, இதுல மறைக்க என்ன இருக்கு சிலுவை என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் பீடத்தில் நின்று, இலக்கியமும் ஓவியமும் திரைப்படமும் படிக்கும் ஜெசிந்தாவுக்காக என்று திருத்திச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை மகளே.

உன் கடிதத்தை விக்டர் மூன்று தரம் வாசித்தான். கோவில் இடிந்த அந்த ஊரில் சுவர்ப்படத்தின் துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி நீங்கள் பெட்டியில் அடுக்கியதும், வீடு போய்க் கூடாரத்தில் கிடக்கும் ஒரு அம்மாள் மாதாவின் கை மட்டும் இருந்த துண்டை மடியில் பொதிந்து கொண்டுவந்ததும் எழுதியிருந்தாய். கொள்ளைநோயில் பாதி ஊர் செத்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் வரைய வைத்த படம், அதனால்தான் மாதா கையை அவ்வளவு அகல விரித்திருக்கிறாள் என்று உன் வாத்தியார் சொன்னாராமே. அந்த இடத்தில் விக்டரை நிறுத்தச் சொன்னேன். படம் எந்தக் காலத்தில் எதற்காக வந்தது என்று படிக்கிறேன் என்று நீ நூறு தரம் சொன்னபோது ஏறாதது இப்போது ஏறியது. உலகப் போர் முடிந்த வருஷம் அங்கே தெருவிலேயே எடுத்த சினிமாவைப் பற்றிப் போன மாசம் எழுதியிருந்தாய், அதையும் எடுத்து வாசித்தோம். அந்த வருஷம் நானும் இங்கே ரேஷன் வரிசையில் நின்றவன்தான், உன் வாத்தியாரிடம் சொல்.

பயமாயிருக்கிறது, திரும்பி வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். வா என்று எழுத அம்மாவுக்கு ஆசைதான். ராத்திரி யோசித்துவிட்டு அவளே, அந்த அம்மா கொண்டுவந்த கையை ஒட்டிட்டு வரச் சொல்லுங்க என்றாள். எனக்கும் அதுதான். படித்து முடித்துவிட்டு வா.

பாஸ்போர்ட்டும் செருப்பும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டைக் குறைக்காதே. வாரம் ஒரு கார்டு, இரண்டு வரியானாலும் போதும்.

நீ புறப்பட்ட அன்று கோபத்தில் உன் நெற்றியில் சிலுவை வரையாமல் இருந்துவிட்டேன். இந்த வரிக்குக் கீழே பெருவிரலால் வரைந்திருக்கிறேன், மையில்லாததால் தெரியாது. நெற்றியைக் காகிதத்தில் வைத்துக்கொள்.

உன் அப்பா,
சிலுவை பர்னாந்து