காருக்கும் மனையடி உண்டு

2 ஜூன், திங்கள்

காலையில் இரண்டு டிரெய்லருக்குப் பெயிண்ட். மத்தியானம் சௌடப்பன் அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார். சேலை வியாபாரம், அருப்புக்கோட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பின்னாலேயே லோடு வண்டியில் ஒரு பழைய அமெரிக்கக் கார். கார் என்று சொல்வது மரியாதைக்குத்தான், மேல்கூடும் உள்ளே சீட்டும் மட்டும்தான் மிச்சம். நீள மூக்கு, இரண்டே கதவு. சினிமாக்காரர்கள் எதிலோ மோதிவிட்டுப் போட்டதாம். கீழே தாங்குகிற சேஸ் துருப்பிடித்து, விரல் வைத்தால் முறுக்கு மாதிரி உதிர்கிறது.

"புதுசா சேஸ் அடிச்சுத் தரணும் தவசி. ஆவணி பதினஞ்சு எனக்கு அறுபதாம் கல்யாணம். அவளப் பக்கத்துல உக்கார வச்சு, நானே ஓட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போவணும். இருபது வயசுல இருந்து இதே கனவு."

நான் இதுவரை செய்தது நானூற்றுச் சொச்சம் டிராக்டர் டிரெய்லர். என்ஜின் வைத்த எதையும் தொட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செஞ்சுருவோம் அண்ணாச்சி" என்று வந்துவிட்டது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4 ஜூன், புதன்

பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் படம் போட்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சரியாக ஒன்பது அடி. அண்ணாச்சி ஒரு ஃபைல் நிறையத் தாள் கொண்டுவந்தார், எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்தது. "ஒரு நூல் மாறக் கூடாது. ஒரிஜினல்னா ஒரிஜினல்." ஒரு மணி நேரத்தில் பதினாலு தடவை ஒரிஜினல் என்றார். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

5 ஜூன்

வெல்டர் தனுஷ்கோடி படத்தின் மேல் பைக்கை ஏற்றி நிறுத்திவிட்டான். ஐம்பது வயது ஆள். மறுபடி முதலிலிருந்து சாக்பீஸ்.

11 ஜூன், புதன்

இன்று சௌடேஸ்வரி அக்கா தனியாக வந்தார். அண்ணாச்சியின் வீட்டம்மா. டவுன் பஸ்ஸில் வந்து பாளையம்பட்டியில் இறங்கி, வெயிலில் மெதுவாக நடந்து.

"தம்பி, அவுககிட்டச் சொல்லிராதீக" என்றுதான் ஆரம்பித்தார்.

அக்காவுக்கு வலது முழங்கால் இரண்டு வருடமாக மடங்குவதில்லை. தைலம் போட்டுச் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறார். இங்கே வருமுன் கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாராம். முழங்கால் டேஷ்போர்டில் முட்டி மாட்டிக்கொண்டது. கால் மணி நேரம்! பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வந்து அக்குளுக்கு அடியில் கை கொடுத்து இழுத்திருக்கிறார். இழுத்ததில் இரண்டு பேரும் வாசலில் விழுந்தார்களாம். சொல்லும்போது அக்காவே சிரித்துவிட்டார், நானும்.

அப்புறம் சிரிக்கவில்லை. "தெரிஞ்சா அன்னைக்கே காரை வித்துப்புடுவாக. நாப்பது வருச ஆசை தம்பி, என் காலால கெட வேணாம். ஆனா அன்னைக்கு அவுக பக்கத்துல நான் உக்காந்தே ஆகணும். கால நீட்ட ஒரு அடி எடம் பண்ணிக் குடுங்க. எப்படியாச்சும்."

செய்யலாம். சேஸை ஒரு அடி நீட்டி, மேல்கூட்டை நடுவில் வெட்டி ஒரு அடி சேர்த்தால் கதவும் அகலும், சீட்டும் பின்னால் போகும். வேலை பெரிதில்லை. ஒரு நூல் மாறக் கூடாது என்கிற மனுசனிடம் பன்னிரண்டு அங்குலத்துக்கு என்ன காரணம் சொல்வது?

12 ஜூன்

என் வீட்டுக்காரி மாரிக்கனி மாட்டுக்கொட்டகை போட வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் மனையடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ஆகும், ஏழு ஆகாது, எட்டு ஆகும், ஒன்பது ஆகாது, பத்து ஆகும்...

ஒன்பது ஆகாது!

எனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

13 ஜூன், வெள்ளி

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முகத்தை இவ்வளவு சீரியஸாக வைத்துக்கொண்டு பொய் சொன்னதில்லை.

"காருக்குமா மனையடி?" என்றார் அண்ணாச்சி.

"வீடு ஒரே எடத்துல நிக்குது, அதுக்கே பாக்குறோம். இது ஓடுது. உள்ள ரெண்டு உசுரு."

"அமெரிக்காக்காரன் ஒம்பதுதான வச்சிருக்கான்?"

"அதான் அண்ணாச்சி, இந்த மாடலு இப்ப வாரதே இல்ல."

அண்ணாச்சி வெகுநேரம் தரையில் இருந்த படத்தையே பார்த்தார். பிறகு, "அறுபதாம் கல்யாணத்தன்னைக்கு அவளுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுப்பா. பத்தாவே வையி" என்றார். ஜெயித்துவிட்டேன். ஆனால் மனசு சரியில்லை. அந்த மனுசன் அப்படி உடனே நம்பியிருக்க வேண்டாம்.

20 ஜூன்

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. டீக்கடை, பேங்க், கடைக்கு வரும் ஆள் எல்லாரிடமும் "ஏப்பா, உன் வண்டி எத்தனை அடி?" என்று கேட்கிறார்.

பரளச்சியிலிருந்து மருதுபாண்டி வந்தார். நான் செய்து கொடுத்த டிரெய்லர், பதின்மூன்று அடி. "பதிமூணு ஆகாதாமே? அதான் மூணு வருசமா எனக்கு மழை பேயல" என்று சண்டை. ஊருக்கே பெய்யவில்லை என்றேன். "ஊருக்குப் பேயாததுக்கும் உன் டிரெய்லர்தான் காரணம்" என்கிறார்.

27 ஜூன்

வீரசோழனிலிருந்து ஆட்டு வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வந்தார். மினி லாரியின் பின்பெட்டி ஏழு அடி, எட்டு ஆக்க வேண்டுமாம்.

"நீங்க இதெல்லாம் பாப்பீகளா பாய்?"

"எனக்கு நம்பிக்கை இல்ல தவசி. நாளைக்கு விக்கப்போனா வாங்க வாரவன் டேப்போட வருவானே!"

இந்த வாரம் மட்டும் ஆறு பேர். தனுஷ்கோடி தன் பைக்கை அளந்துவிட்டு இரண்டு நாளாக நடந்து வருகிறான்.

6 ஜூலை, ஞாயிறு

நாசமாய்ப் போச்சு.

பத்தடிக்கு இரண்டு பக்கமும் பாக்ஸ் பைப் வெட்டி, குறுக்குச் சட்டம் வைத்து, மூலைக்கு மூலை அளந்து, பொட்டுப் பொட்டாக டேக் வெல்டிங் அடித்து வைத்திருந்தேன். அண்ணாச்சி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார், கையில் பஞ்சாங்கம். "தவசி, இதுல போட்டிருக்கு. மனையடின்னா சுவத்துக்கு உள்பக்கம்தான் அளக்கணுமாம். அப்ப காருக்கும் உள்ள பாரு."

உள்ளே, டேஷ்போர்டிலிருந்து பின்சீட்டு முதுகு வரை ஆறு அடி. ஆறு ஆகும். நான் ஒரு அடி சேர்த்தால் ஏழு. ஏழு ஆகாது. "அப்ப ஒரிஜினலே சரியாத்தான இருக்கு!" என்று அண்ணாச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

புருசனும் பொண்டாட்டியும் தங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அக்கா கோபமாக இருக்கிறார் என்பது தவிர. பிறகு அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில், "என்ன தம்பி, வழியே இல்லையா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அண்ணாச்சி அதைச் சகுன பயம் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொன்னேன்: "உள்ளயும் ஆகணும், வெளியயும் ஆகணும் அண்ணாச்சி. ரெண்டு அடி சேத்தா உள்ள எட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் பதினொண்ணு. ரெண்டுமே ஆகும்."

அண்ணாச்சி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விரல் வைத்துப் படித்தார். ஆகும்!

ஒரு அடிக்குச் சொன்ன பொய், இரண்டு அடியாக வளர்ந்து நிற்கிறது. டேக் எல்லாம் கிரைண்டரில் அறுத்தாயிற்று.

22 ஜூலை

ஆடி மாதம், புது டிரெய்லர் யாரும் கேட்பதில்லை. முழு நேரமும் கார்தான். பதினோரு அடி நீண்டால் நடுவில் தொய்யும். அதனால் சட்டத்துக்கு உள்ளே இன்னொரு சட்டம், நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு பைப். வெல்டிங் சூட்டில் ஒரு பக்கம் இழுத்து அரை அங்குலம் கோணிவிட்டது. அறுத்து மறுபடி ஒட்டினேன். டிரெய்லரில் அரை அங்குலத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இது விடாது என்று தெரிகிறது.

வேலை பிடித்திருக்கிறது. சாப்பிட மறந்துபோகிறேன். மாரிக்கனி சோற்றைப் பட்டறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, "எத்தனை அடித் தட்டுல போடட்டும்?" என்கிறாள்.

25 ஜூலை

சட்டத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பன்னிரண்டு வளையம். எதற்கடா என்றேன். "கயிறு கட்ட" என்கிறான் தனுஷ்கோடி. கார்டா இது! டிரெய்லர் பழக்க தோசம் என்கிறான். அறுத்தோம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளோட்டம். பழைய வேன் என்ஜின் மாட்டியாயிற்று, மேல்கூடு ஏறியாயிற்று. அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில். ஏழாம் நிமிடம், பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் வருவதற்குள் காரின் வயிறு தடை மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. பின்னால் டவுன் பஸ். பஸ்ஸே காலியாகி எல்லாரும் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ஒரு அம்மா, "இது காரா, பஸ்ஸா?" என்று கேட்டது. கண்டக்டர் கீழே இறங்கி நீளத்தைப் பார்த்துவிட்டு, "டிக்கெட் எல்லாம் போட்டாச்சா?" என்றார்.

அண்ணாச்சி இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "சொந்தக் கார்ல இருந்து நான் எதுக்கு எறங்கணும்?" அவரோடு சேர்த்தே காரைப் பதினெட்டுப் பேர் தூக்கினார்கள்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பிளேட் சேர்த்து வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அக்காவுக்கு ஏற முடியுமா? அதை நான் யோசிக்கவே இல்லையே.

12 ஆகஸ்ட்

அக்காவை வரச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து உயரத்தை அளந்தேன். உயர்த்திய சீட்டும் நாற்காலியும் ஒரே உயரம். அப்பாடா. மாரிக்கனியை வைத்து இருபது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். இருபத்தொன்றாவது தடவை அவள் இறங்க மறுத்துவிட்டாள். நன்றாக இருக்கிறதாம்.

30 ஆகஸ்ட்

நாளை. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணாச்சி வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. கதவைத் திறந்தேன், பீரோ திறந்த மாதிரி அவ்வளவு அகலம். அக்கா அரக்குப் பட்டில் வந்தார். முதலில் உட்கார்ந்தார். பிறகு வலது காலை, மடக்காமல், அப்படியே நேராக உள்ளே கொண்டுபோய் வைத்தார். எங்கும் முட்டவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். வெல்டிங் பார்க்கிற கண், அடிக்கடி தண்ணீர் வரும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பொய். அழுதேன்.

அண்ணாச்சி ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினார். நாங்கள் குறுக்குத் தெருவில் முன்னால் ஓடிப்போய் மண்டப வாசலில் நின்றோம். கார் வந்தது. மண்டபத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. நீளத்துக்கு வாசலில் திருப்ப முடியவில்லை! திருப்ப இடம் தேடித் திருச்சுழி ரோட்டில் வெகுதூரம் போய்விட்டார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்க்க, நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மூன்று தடவை வாசித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அண்ணாச்சி இறங்கிச் சுற்றிவந்து, தானே கதவைத் திறந்து, குனிந்து அக்காவின் காலைக் கையால் ஏந்தி வெளியே எடுத்து வைத்தார். எல்லார் முன்னாலும். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

1 செப்டம்பர், திங்கள்

எதிர்பார்த்த மாதிரியே அண்ணாச்சி காலையிலேயே காரில் வந்தார். உட்காரவில்லை.

"அவ கால் விசயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் பதினொண்ணு அண்ணாச்சி."

"மனையடியெல்லாம்?"

"அது... பொய்தான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

தனுஷ்கோடி வெல்டிங்கை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அண்ணாச்சி காரின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டார்.

"நேத்து திருச்சுழி ரோட்டுல வச்சுச் சொன்னா. ரெண்டு வருசமா எங்கிட்ட வலியவே காட்டல தவசி. நான் ஒரு ஆளு, பக்கத்துலயே இருந்துக்கிட்டு, ஒரிஜினலு ஒரிஜினலுன்னு..." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வண்டி குலுங்குறப்ப லேசா இன்னும் இடிக்குதாம்ப்பா. மொதல்லயே சொல்லியிருந்தா இன்னொரு அடி சேத்துப் போட்டிருக்கலாம்ல?" என்றார்.

"பன்னெண்டு ஆகாது அண்ணாச்சி" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஆமாமா, அது ஆகாது" என்றார்.

பிறகு இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு, சீட்டை இன்னும் எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று அளக்கப் போனோம்.