சொதியும் சர்க்கரை போட்ட வைனும்

பார்சிப்பனி, அமெரிக்கா
ஆகஸ்ட் 1987

அன்பு மகன் சத்தியசீலனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. அந்த ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டுமென்றே தினமும் ஜெபிக்கிறேன். நீ கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே ராசா, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற உர்சுலாவின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லியிருப்பார்கள், என் பங்கையும் கேள். வெள்ளிக்கிழமையே வந்து ஒரு வைன் பாட்டிலைக் கொடுத்து, சொந்தத் தோட்டத்துத் திராட்சை, நாளைக்குச் சாப்பாட்டோடு குடிக்கலாம் என்றார்கள். உன் அப்பாவைத் தெரியாதா, சபையில் மூப்பர், இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார். அவர்கள் போனதும், "விருந்தாளிய வாசல்ல நிறுத்தமாட்டேன், அதுக்காக வைன்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பிளேன் ஏற முடியாது"ன்னு சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய்விட்டார். நல்ல சாப்பாட்டில் அவர் மனசு இளகாதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

நீ சொன்னபடியே செய்தேன். இந்த வைனுக்கு மீன், கோழி, தேங்காய்ப்பால் எல்லாம் சேரும், காரமும் புளியும் கூடாது என்றாயே, அதனால் சொதி வைத்தேன், மிளகு மட்டும் தடவி மீன் வறுத்தேன், சொதிக்கு இஞ்சித் துவையல்கூட அரைக்கவில்லை. கடைசியில் பாட்டிலைத் திறந்து ஒரு கரண்டி நாக்கில் விட்டுப் பார்த்தேன், அதுதான் வினை. ஒரே புளிப்பு. நாம் கிறிஸ்மஸுக்குத் திராட்சையைக் கொதிக்க வைத்துப் போடுகிற போதையில்லாத வைன் பாகு மாதிரி இனிக்குமே, எனக்குத் தெரிந்த வைன் அது ஒன்றுதான். ஐயோ, கடல் தாண்டி வந்ததில் கெட்டுப்போச்சு, அப்பா முன்னால் அந்த மனுஷர் தலைகுனிவாரே என்று பதறிப்போய், சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டு ஒரு கொதி விட்டு ஆறவைத்துவிட்டேன். கொஞ்சத்தை மட்டும் பாட்டிலிலேயே விட்டேன், மீன் ஊறுகாய்க்கு வினிகராக ஆகும் என்று.

சனிக்கிழமை சாப்பாட்டில் உர்சுலாவின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். அந்தம்மா என்னிடம், எங்கள் வைன் எங்கே என்று கேட்டார்கள். இதுதான் என்றேன், கொதிக்க வைத்ததையும் சொன்னேன், வேறென்ன சொல்ல. இனிப்பே இல்லாமல் எடுப்பதுதான் அவர்கள் குடும்பத்துப் பெருமையாம். அவர் முகம் சுண்டிப்போச்சு. ஆனாலும் நல்ல மனுஷர், சொதியை நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார், பிறகு டாக்சி கூப்பிடச் சொன்னார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் அழைக்காமலே போனார்கள். நான் வாசலில் நின்று கையைப் பிசைந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பா அந்த மிச்ச வைனைத் தம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு மீன் சாப்பிடுகிறார். "இது கெட்டுப்போகல ஜெயலீலா, மீனுக்கு நல்லாத்தான் இருக்கு, நீதான் கெடுத்துட்ட" என்றார். சற்று நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "கூப்பிடாமலே போயிட்டாங்களே, இனி எப்படிப் போறது?" என்றார். இத்தனை மாதம் நான் கெஞ்சியும் மசியாதவர், இளகின நேரத்தில் வாசலை நானே அடைத்துவிட்டேன். நான் என்ன செய்வேன் சொல்லு. அவர்கள் வீட்டுக்கு எழுத எனக்கு இங்கிலீஷும் போதாது.

கர்த்தர் உன்னையும் உர்சுலாவையும் காப்பாராக. குளிர் வருமுன் நல்ல கோட் வாங்கிக்கொள். கெட்டது வைன் இல்லை, இந்த அம்மாவின் புத்திதான் என்று அவர்களிடம் சொல், அழைக்கும்படி நீயே கேள். அப்பா கோட்டு சூட்டை டிரை கிளீனிங்குக்குப் போட்டிருக்கிறார். ஏன் என்றால், சபைக்கு என்கிறார்.

உன் அன்புள்ள அம்மா,
ஜெயலீலா சுவிசேஷமுத்து