மண் மன்றத்தின் எட்டாவது ஆள்

நேற்று மதியம் அலுவலகத்தில் இருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் நம் வேளாண் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண். மண் மன்றத்தின் பழைய படங்களைச் சேர்த்து ஒரு சுவர் முழுக்க மாட்டப் போகிறார்களாம். யார் யாரென்று பெயர் சொல்ல முடியுமா மேடம் என்று கேட்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக் கூடம். மன்றத்துப் பிள்ளைகள் வாழை இலை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சாம்பார் வாளியோடு குனிந்திருக்கிறேன். பொறுப்பாசிரியை மேடம் எதற்கோ சிரிக்கிறார். அண்ணன் எடுத்த படம்.

“அந்த வருஷப் பதிவேட்டுல எட்டுப் பேர் இருக்காங்க மேடம். படத்துல ஏழு பேர்தான். இன்னொருத்தர் அன்னிக்கு லீவா?”

லீவு இல்லை, வந்திருந்தாள் என்று எழுதி, உன் பெயரையும் அனுப்பினேன். “அப்போ எங்க மேடம்?” என்று உடனே திருப்பிக் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த வயதில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலாமாண்டில் மன்றங்களில் பெயர் கொடுத்த நாளை நீ அடிக்கடி சொல்லிச் சிரிப்பாய். பூச்சி மன்றத்து மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டாம்பூச்சிகள், தோட்டக்கலை மன்றத்தில் ஆளுக்கொரு ரோஜா, பறவை மன்றத்தில் தொலைநோக்கி. கூட்டமெல்லாம் அங்கேதான். கடைசி மேசையில் ஒரு தட்டு நிறையக் கட்டி மண்ணும், தூங்கி வழிகிற ஒரு சீனியரும் மட்டும். நீ நேராக அங்கே போனாய். கேட்காமலே ஒரு கட்டியை எடுத்து, உன் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி நீட்டிக்கொண்டே போனாய். அது அறுந்து விழுவதற்குள் சீனியர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். களிமண் எவ்வளவு இருக்கிறது என்று அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். நீ சும்மா விளையாடியிருந்தாய்.

நான் உன் பின்னால் வந்தவள். நம் மாவட்டத்திலிருந்து அந்த வருடம் நாம் இரண்டு பேர்தான். விடுமுறைக்கு ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்குவோம். “நாஷ்டா துன்னுட்டுப் போலாம் வாடி” என்று என்னை இழுத்துப் போவாய். பிறகு நீ கும்மிடிப்பூண்டி வண்டிக்கு, நான் பெரியபாளையம் பஸ்ஸுக்கு.

உன் அப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில், அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில். வீட்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை கம்பெனி இருக்க, எதற்கு விவசாயம் படிக்க வந்தாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்க தாத்தா சாவற வரைக்கும் மண்ணுலதான் வேலை செஞ்சாரு. ஒரு சென்ட் கூட அவருது இல்ல. அதுல அப்டி இன்னாதான் இருக்குன்னு பாக்க வந்தேன்” என்றாய்.

அந்தப் பதிலை நான் ஒரு நல்ல வசனமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு நிலம் இருந்தது. நிலம் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில், ஏதாவது ஒரு விவசாயி நிலத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காகப் பார்த்து அறிக்கை எழுதித் தரலாம் என்று மன்றத்தில் முடிவானது. எங்கள் நிலத்திலேயே செய்யலாம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். எங்கள் மேட்டுத்துண்டில் சில வருடங்களாக வேர்க்கடலை சரியாக வரவில்லை. செடி ஒரு சாண் எழும்பி மஞ்சளடித்து நின்றுவிடும். நைனா மூட்டை மூட்டையாக உரம் போட்டுப் பார்த்து அலுத்திருந்தார். அது ஒரு காரணம். எங்கள் வீடு, கிணறு, தென்னை எல்லாவற்றையும் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்கிற ஆசை இன்னொரு காரணம்.

காலையில் குழி வெட்டத் தொடங்கினோம். இடுப்பளவு இறங்கியதும் மற்றவர்கள் மாறி மாறி மேலே ஏறினார்கள். நீ ஏறவில்லை. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். நைனா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, நீ எந்த ஊரு?”

“கும்மிடிப்பூண்டிங்க.”

“சொந்த ஊரே அதானா?”

“இல்லீங்க. தாத்தா காலத்துல இந்தப் பக்கம்தான்.” ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னாய். கேட்பதற்கு முன்பே தாத்தாவின் பெயரையும் சொன்னாய். நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

நைனா தலையை ஆட்டினார். எனக்கு ஏதோ புரிந்தது, புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். “அந்த கும்மிடிப்பூண்டி பொண்ணுக்கு மட்டும் பம்ப்செட்டாண்டயே குடுத்துடு. நாலு பேர் வந்து போற ஊடு இது” என்றார். கோபமில்லை. தண்ணீர் எடுத்து வை என்று சொல்வது போன்ற குரல். அம்மா குனிந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. மேடம் கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். மாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் தேடியது தட்டை.

பம்ப்செட்டுக்கு நடந்து வரும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டேன்.

“ஆடு மாடு குழியில விழுந்துடப் போவுது, ஒரு ஆள் பாத்துக்கணும்னு மேடம் சொன்னாங்கடி. நீ இங்கயே சாப்ட்டுக்க.”

நீ கையைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். “சரிடி. நீ போ, அங்க எல்லாம் காத்துக்கினு இருப்பாங்க” என்றாய்.

கூடத்தில் மேடம் உன்னைக் கேட்டார். அவளுக்குப் பசியில்லையாம் மேடம், அப்புறம் சாப்பிடுகிறாளாம் என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. பிறகு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நீ மறுபடியும் குழிக்குள் இருந்தாய். ஒரு பக்கச் சுவரை மட்டும் வழவழவென்று சீவி வைத்திருந்தாய்.

“மேடம், இங்க கத்திய வெச்சி அழுத்துங்க.”

ஒரு சாணுக்குக் கீழே கத்தி இறங்கவில்லை. கல் மாதிரி ஒரு படலம். வருடக்கணக்காக டிராக்டர் ஒரே ஆழத்தில் உழுது அடியில் இறுகிப் போன மண். “வேரெல்லாம் பாருங்க, கீழ போக முடியாம பக்கவாட்டுல திரும்பிக்கினு போவுது. உரம் போட்டு இன்னா பிரயோஜனம்?”

“அதுக்கு இன்னா மருந்து மேடம்?” என்று நைனா மேடத்திடம் கேட்டார்.

“மருந்தே வேணாங்க. உளிக்கலப்பை போட்டு ஆழமா கீறி உட்டா போதும்” என்று நீ குழிக்குள்ளிருந்து சொன்னாய். அவர் மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கண்டுபுடிச்சது அவ. அவகிட்டயே கேளுங்க” என்றார் மேடம்.

நைனா கேட்கவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு முன்னால் உளிக்கலப்பை கொண்டுவந்து நீ சொன்னபடியே கீறினார். கடலை நன்றாக வந்தது. ஒரு மூட்டை விடுதிக்கு வந்து சேர்ந்தது, மேடம் பெயருக்கு. மன்றத்து மேசையில் கொட்டி எல்லோரும் உரித்துத் தின்றோம். “என் குழியில வெளஞ்சதுடி, எனக்கு ரெண்டு பங்கு” என்று நீதான் அதிகம் தின்றாய்.

இறுதியாண்டில் மன்றத்துக்குச் செயலாளர் தேர்ந்தெடுத்தபோது எல்லோரும் என் பெயரைச் சொன்னார்கள். எங்கள் வீட்டு முகாம்தான் கல்லூரி முழுக்கப் பேசப்பட்டதாம். குழியைப் படித்தவள் நீ, பெயர் எனக்கு. நீயும் எனக்காகக் கை தூக்கினாய். நானும் சந்தோஷமாக எழுந்து நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆய்வகத் தொட்டியில் கண்ணாடி ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். நீ தலை நிமிராமல் சொன்னாய்.

“குழிய பாத்துக்கச் சொன்னது மேடம் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி.”

“எப்டி?”

“ஆடு வந்து விழும்னுல்லாம் அவங்களுக்கு எங்க தோணப் போவுது? சென்னைக்காரங்க.” நீ சிரித்தாய். நான் அழ ஆரம்பித்தேன். “அழுவாத. அழுது என்ன பேஜாரு பண்ணாத. உங்க நைனாவ நான் ஒண்ணும் சொல்லல. அவர எனக்குத் தெரியாது. உன்னத் தெரியும். ஒரு தட்டு எடுத்துக்கினு நீயும் அங்க வந்து உக்காந்திருக்கலாம்ல?”

“அப்ப தோணலடி” என்றேன்.

அது உண்மை. அதுதான் பெரிய அவமானம். என்னென்னவோ தோன்றியது, இது மட்டும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. நீ ஜாடிகளைத் துடைத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தாய். மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய்.

படிப்பு முடிந்து நான் வேளாண் அலுவலரானேன். நீ மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாய். நான் அனுப்பும் மாதிரிகளில் பை ஈரமாக இருக்கிறது, சீட்டில் சர்வே எண் இல்லை என்று போன் செய்து திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு, “சரி, சாப்ட்டியா?” என்பாய். அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் எனக்குக் குத்தும். நீ குத்துவதற்காகக் கேட்டதில்லை என்று தெரிந்தும் குத்தும்.

நோய் தெரிந்து நான்கு மாதம்தான் இருந்தாய். மருத்துவமனைக்கு வந்த அன்று, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். நீ பேசவே விடவில்லை. மன்றத்தில் இப்போது எத்தனை பேர், அந்தத் தூங்குமூஞ்சி சீனியர் எங்கே இருக்கிறார், மேடம் ஓய்வு பெற்றுவிட்டாரா. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். அடுத்த முறை என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். அடுத்த முறை வந்தபோது உன் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு கும்மிடிப்பூண்டி வந்தேன். ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

“உங்க ஊருக்கு குழி வெட்ட வந்தாளே, அப்ப உங்க அம்மா செஞ்ச கத்திரிக்கா கொழம்ப ஒரு வாரம் சொல்லிக்கினே இருந்தாம்மா.”

அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கே உட்கார்ந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டாய் என்பதையும், தட்டைக் கொண்டுவந்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அவ சொல்லலம்மா. ஆனா எனக்குத் தெரியும். அங்கருந்து வந்தவங்கதான நாங்க? எங்க உக்கார வெப்பாங்கன்னு தெரியாதா? போவாதன்னு சொல்லித்தான் பாத்தேன். ‘என் ஃப்ரெண்டு ஊடும்மா, அவ இருக்கா’ன்னு சொல்லிட்டுப் போனா.”

அவ இருக்கா. அந்த இரண்டு சொற்களைக் கேட்டபின் எப்படி அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உன் அம்மா எழுந்து போய் சோறு போட்டுக்கொண்டு வந்தார். “சாப்டு, தூரம் போவணும்” என்றார். சாப்பிட்டேன். மன்னிச்சிடுங்க என்றேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். உன்னிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டேன். அது உனக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். இறந்து போனவள் யார் என்பதையும், உன் அம்மா சொன்னதையும். அவருக்கு இப்போது காது மந்தம். இருமுறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “அந்தக் கடலைத்துண்டு பொண்ணா?” என்றார். பிறகு, “இன்னா பண்ணச் சொல்ற என்ன இப்போ?” என்றார். அது கோபமா, நிஜமாகவே கேட்டதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறேன். பயிற்சி முகாம், வயல்விழா என்று ஏதாவது நடக்கும். மதியம் யாராவது ஒரு பெரிய வீட்டில் சாப்பாடு இருக்கும். அதிகாரி என்று எனக்குத் தனி நாற்காலி. இலை முன்னால் உட்காருமுன் என் கண் தானாகச் சுற்றிப் பார்க்கிறது, காலையிலிருந்து வயலில் நின்றவர்களில் யார் இங்கே இல்லை என்று. மோட்டார் கொட்டகையிலோ புங்கமர நிழலிலோ அவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறேன். வீட்டுக்காரர் முகம் மாறும். அங்கே இருப்பவர்களும் முதலில் கூசி நகர்வார்கள், பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

எல்லா நாளும் அப்படி இல்லை. மேலதிகாரி கூட வந்த நாள், களைப்பாக இருந்த நாள், வீட்டுக்காரர் நல்ல மனிதராயிற்றே என்று தயங்கிய நாள் என்று சில இருக்கின்றன. அன்றெல்லாம் பார்த்தும் பாராதது போல நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து போன நாட்களை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். போகாத நாட்களைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை.