பவானியின் டிசியில் நான் வைத்த மஞ்சள்

என் கண்ணே, தங்கச்சி கலாவுக்கு,

உன் முதல் வருஷத் திதிக்கு வந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். உன் வீட்டுக்காரர் சேகர் தம்பி, உன் பொண்ணு மதி, என் வீட்டுக்காரர், நான், ஐயர், உன் ஸ்கூலிலிருந்து இரண்டு டீச்சர்கள், உன்னிடம் நர்சிங் தொழிற்பிரிவில் படித்த மூன்று பெண்கள். காக்காயைக் கணக்கில் சேர்க்கவில்லை. இலையில் சாதம் வைத்துக் கை கழுவுவதற்குள் வந்து கொத்திவிட்டது. "கலாவுக்கு எப்பவும் பசி தாங்காது" என்று தம்பி சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

அந்த மூன்று பெண்களில் கடைசியாக வந்தவள் பவானி. மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். ஞாபகம் இருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அசட்டுத்தனம். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே நீ கடைசியாகக் கேட்ட பேர் அதுதானே.

கலா, அவளைப் பற்றி நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சமுதாயக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்விட்டால்தான் உனக்குச் சோறு இறங்கும். "ஒரு மணி நேரம் பஸ்ஸு, அவ்ளோதான். ஆனா அந்த ஒரு மணி நேரத்துல எத்தினி பொண்ணுங்க காணாம போயிடறாங்க தெரியுமாக்கா?" என்பாய். வொக்கேஷனல் எடுத்தவளுக்கு மேல்படிப்பு கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி, ரிசல்ட் வந்த வாரமே கம்பெனி வேனில் ஏறிவிடுவார்களாம். எட்டாவதோடு நின்ற என்னை நீதான் இதில் இழுத்துவிட்டாய். அப்ளிகேஷன் பார்த்துப் பார்த்தே நான் இங்கிலீஷ் பெரிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, யாருக்கு மார்க் ஷீட் வந்தது, யாருக்கு டிசி வந்தது, யாருக்குச் சாதிச் சான்று வரவில்லை என்று நான் குறித்து வைப்பதைப் பார்த்து, "தாசில்தார் ஆபீசே தோத்துப் போகும்" என்று கேலி செய்வாய்.

போன வருஷம் நீ விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். மூன்று பெண்களை அழைத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். முந்தின நாள் பவானியின் அம்மா மீன் விற்றுவிட்டு, அதே கூடையோடு பஸ் ஏறி வந்து, சான்றிதழெல்லாம் போட்ட பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தாள். "பத்தரமா வச்சிக்கங்கம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு மூன்று கவரையும் அம்மன் படத்தின் முன்னால் வைத்தேன். மற்ற இரண்டு பேருக்கும் கவர் மேலேயே மஞ்சள் குங்குமம் வைத்தேன். பவானிக்கு அப்பா இல்லை. அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டிக்கொள்வோம் என்று தோன்றியது. டிசியைக் கவரிலிருந்து வெளியே எடுத்து, நாலு மூலையிலும் ஈர மஞ்சளைத் தடவி, அது காய்வதற்குள் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போமே, அந்தக் கைப்பழக்கம்.

கல்லூரி கவுண்டரில் இருந்த ஆள் பிரித்தார். மஞ்சள் ஊறி, பள்ளிக்கூட முத்திரை கரைந்து, ஹெச்.எம். கையெழுத்து நீலமாக ஓடியிருந்தது.

"இன்னாம்மா இது? டிசியா, மஞ்ச நீராட்டு விழா பத்திரிகையா? சீலு எங்க? போயி வேற டிசி வாங்கிக்கினு வாங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பவானி அந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்தாள். "எங்கம்மா மீன் கழுவிட்டு மஞ்ச கையோட தொட்டிருப்பாங்க பெரியம்மா" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு காகிதம் தவறவிடாதவள் என்ற பேர் போய்விடுமே என்று பயந்தேனா? அம்மனுக்கு வைத்தது தப்பாகப் போனது என்று சொல்ல நா எழவில்லையா? இன்னும் எனக்கே தெரியவில்லை.

ஸ்கூலில் பழைய ஹெச்.எம். மாற்றலாகிப் போய், புதியவர் வந்து சேர்ந்து, வேறு டிசி கைக்கு வரப் பதினெட்டு நாள் ஆனது. அதற்குள் சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது. உன்னிடம் சொல்லியிருந்தால் படுத்த படுக்கையிலிருந்தே ஒரு போனில் முடித்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. ஏன் கெட்டது என்று நீ கேட்பாயே.

"பவானிக்கு சீட்டு ஆச்சாக்கா?"

"ஆச்சுடி."

நீ சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

திதியன்று சாப்பாட்டுப் பந்தியில் சேகர் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டார். "நீதான பவானி? ஒரு வருஷப் படிப்புதான, முடிஞ்சுதாம்மா? கலா கடைசியா உன்னத்தான் கேட்டா. அவ அக்கா சீட்டு ஆச்சுன்னு சொன்னதும் அவ மொகத்த நீ பாத்திருக்கணும்."

என் கையில் சாம்பார் வாளி. பவானி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டு, "முடிஞ்சுது சார். ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள்.

சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது கேட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"பின்ன, இல்லன்னு சொல்ல சொல்றீங்களா? டீச்சரு சிரிச்சிக்கினே போயிருக்காங்க. நான் எதுக்கு இப்ப வந்து அத கெடுக்கணும்?"

"வேலை எப்படி இருக்கு?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி. எட்டு மணி நேரம் நின்னுக்கினே ஒரே ஒரு திருகு முடுக்கணும். கனவுல கூட முடுக்கறேன் பெரியம்மா. பக்கத்து கட்டில்காரி காத திருகிட்டேன் ஒரு நாளு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"உங்கம்மா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "இருக்காங்க. நான் பேசறதில்ல. போன் பண்ணா என் தம்பிகிட்டதான் பேசுவேன். அந்த மஞ்ச கையாலதான எனக்கு எல்லாம் பேஜாரா பூட்ச்சி."

ஒரு வருஷமாக, கலா! அந்தத் தாயும், 'நான் தொடவே இல்லையே' என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள். மகள் நம்பியிருக்க மாட்டாள். "அப்படிச் சொல்லாதேடி" என்றேன். மஞ்சள் வைத்தது நான்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று ஜல்தியாகக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எந்தக் கட்டம் நிரம்பாமல் நின்றாலும் காரணம் எழுதி வைப்பவள் நான். பவானியின் டிசி கட்டத்தில் "கறை" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தேன். யார் வைத்த கறை என்று எழுதவில்லை. இன்றைக்கு அதன் பக்கத்தில் என் பேரை எழுதினேன்.

கல்லூரியில் விசாரித்துவிட்டேன். போன வருஷம் முடித்தவர்களும் இந்த வருஷம் சேரலாமாம். ஃபாரம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. புது டிசி அவள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஒத்துக்கொள்வாளா? இந்தக் கை பட்ட காகிதத்தை இன்னொரு தடவை நம்புவாளா?

இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் இப்போது வைக்கப்போவதில்லை. பவானிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை லீவு, தம்பியைப் பார்க்கக் குப்பத்துக்கு வருகிறாள். முதல் பஸ்ஸில் போய் அவள் கையில் கொடுப்பேன். அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அம்மா கேட்க அவளே இதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்பேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன். இனிமேல் குங்குமம் பிள்ளைகளின் நெற்றியில் மட்டும்தான் வைப்பேன், காகிதத்தில் இல்லை. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைச் சிரிக்க வைத்து ஏமாற்றி அனுப்பிய,
உன் கூடப்பிறந்த அக்கா
செண்பகம்

பவானி, கடைசி வரி உனக்கு. முதலில் உங்கம்மாவிடம் பேசு. அப்புறம் விழுப்புரத்துக்கு என்னோடு வருகிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல். ஒன்பது நாள்தான் இருக்கிறது, சீக்கிரம் சொல்.